தனியார் உளவியலாளரிடம் போகும் முன் என்ன கேட்க வேண்டும்? (கொட்டகலை – கண்டி)

கொட்டகலை டீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். இங்கே வாசிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை.

என் தம்பிக்கு 23 வயது. ஓ.எல். பரீட்சை முடித்த கையோடு கொழும்பு புறக்கோட்டையில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போனவன். போன தீபாவளிக்கு வீட்டுக்கு வரும்போது, கித்துல்கலை தாண்டி பஸ் வளைவு ஏறுகிற நேரம் திடீரென்று நெஞ்சு படபடவென்று அடித்திருக்கிறது. கை விறைத்து, மூச்சு முட்டி, "நான் சாகப்போறேன், நிப்பாட்டுங்க" என்று கத்தியிருக்கிறான். இறக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஈ.சி.ஜி. எடுத்தார்கள். சரியாக இருந்தது. அதற்குப் பிறகு இரண்டு தடவை அதே மாதிரி வந்தது. இரத்தம், தைரொய்ட் எல்லாம் பார்த்தாகிவிட்டது, ஒன்றும் இல்லை.

இப்போது பஸ் என்றாலே முகம் வெளுத்துவிடுகிறது. ஹட்டன் டவுனுக்குக்கூட வரமாட்டான். வேலையும் போய்விட்டது. உள் காம்பராவில் படுத்தே கிடக்கிறான். அம்மா குறி சொல்லும் கோடாங்கியிடம் போய், முனி அடித்திருக்கிறது என்று தாயத்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

கடைசியாகப் பார்த்த டாக்டர், இது இருதயக் கோளாறு இல்லை, உளவியலாளர் ஒருவரைப் பாருங்கள் என்றார். கூட வேலை செய்யும் டீச்சர் கண்டியில் தனியாகப் பார்க்கும் ஒருவரின் கார்டைக் கொடுத்தார். பெயருக்குப் பின்னால் ஆறேழு எழுத்துகள் இருக்கின்றன. எது பட்டம், எது சும்மா என்று எனக்குத் தெரியவில்லை. படிப்பைப் பற்றிக் கேட்டால் கோபித்துக்கொள்வாரா? அந்த அறைக்குள் என்னதான் நடக்கும்? லீவு, பஸ் காசு, கட்டணம் எல்லாம் பார்த்தால் ஒரு தடவை போய்வருவதே எங்களுக்குப் பெரிய காரியம். வீணாகக் கூடாது.

மஸ்கெலியாக்காரன்

டீச்சர், கட்டாயம் கேளுங்கள். கேட்காமல் போய்ப் பட்டவன் சொல்கிறேன்.

இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு என் மனைவிக்கு ஓயாத அழுகை. பிள்ளையைத் தூக்கவே பயந்தாள். டவுனில் "மனோதத்துவ நிபுணர்" என்று பலகை போட்டிருந்த ஒருவரிடம் கூட்டிப்போனேன். என் அம்மாவையும் உள்ளே உட்காரவைத்து, அவர் முன்னாலேயே "உனக்கு நன்றி இல்லை, பிள்ளை இல்லாமல் எத்தனை பேர் தவிக்கிறார்கள் தெரியுமா" என்று என் மனைவியிடம் சொன்னார். அவள் தலையைக் குனிந்தவள் நிமிரவே இல்லை. இரண்டு வாரத்தில் உள்ளே பேசிய விஷயம் எங்கள் டிவிஷனிலேயே ஒரு வீட்டில் பேச்சாக இருந்தது. அவர் படித்தது ஆறு மாதச் சான்றிதழ் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு ஒரு வருடம் யாரிடமும் அவள் வாய் திறக்கவில்லை. அந்த ஒரு வருடத்தை யார் திருப்பித் தருவார்கள்?

கிளினிக் அக்கா

மஸ்கெலியாத் தம்பி, வாசிக்கவே மனசு கஷ்டமாக இருக்கிறது. பிள்ளை பிறந்த பிறகு வரும் மனச்சோர்வு சிகிச்சையால் நன்றாகக் குணமாகும். அதை நன்றிகெட்டதனம் என்று சொன்னவர் அந்த நாற்காலியில் உட்காரவே கூடாது.

நான் 19 வருடமாகத் தோட்டப் பகுதியில் குடும்ப நல உத்தியோகத்தராக இருக்கிறேன். டீச்சருக்கு முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். மூன்று விதமான ஆட்கள் இருக்கிறார்கள், நம் பக்கம் எல்லாரையும் "மனசு டாக்டர்" என்கிறோம். மனநல மருத்துவர் முதலில் டாக்டருக்குப் படித்து, பிறகு மனநலத்தில் சிறப்புப் பயிற்சி எடுத்தவர், மருந்து எழுதுவார். சிகிச்சை உளவியலாளர் டாக்டர் இல்லை, உளவியலில் பட்டமும் அதற்கு மேல் சிகிச்சைப் பயிற்சியும் உள்ளவர், பேச்சும் பயிற்சியும்தான் அவர் வைத்தியம். உளவளத்துணையாளர் என்பவர் வேறு. நல்ல பயிற்சியோடு அருமையாக வேலை செய்பவர்களும் அதில் இருக்கிறார்கள், வார இறுதி வகுப்பு ஒன்றை முடித்துவிட்டுப் பலகை மாட்டியவர்களும் இருக்கிறார்கள்.

அரசாங்கப் பக்கத்தையும் மறந்துவிடாதீர்கள். நுவரெலியா, பதுளை, கண்டி பெரிய ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, காசு இல்லை. அவசரமாக யாரிடமாவது பேச வேண்டுமென்றால் 1926, அது தேசிய மனநல உதவி இலக்கம். கிளினிக்கில் கூட்டம் அதிகம், ஒருவருக்கு ஒரு மணி நேரம் ஒதுக்க அங்கே முடியாது. அதனால்தான் தனியார் பக்கம் போகிறார்கள், அதில் தப்பில்லை.

பிரட்டுக்களம்

எல்லாரும் கோபிக்காமல் கேளுங்கள். நான் 31 வருடம் தோட்டத்தில் பேர் போட்டவன், அதாவது நாள் சம்பளத்துக்கு வேலை செய்தவன்.

1948இல் மலையகத் தமிழரான எங்கள் குடியுரிமையைப் பறித்தார்கள். 1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்த ஒப்பந்தத்தில் அண்ணன் இந்தியாவுக்கு, தம்பி இங்கே என்று குடும்பத்தைப் பிரித்தார்கள். நாடற்றவர் என்ற பெயர் தீர 2003இல் ஒரு சட்டம் வர வேண்டியிருந்தது. இன்றைக்கும் 10க்கு 12 அடி காம்பராவில் ஆறு பேர். கேட்ட கிலோ கொழுந்து வராவிட்டால் அரைப்பேர், அரை நாள் சம்பளம்தான். இப்படி இருக்கிற மனுசனுக்கு நெஞ்சு படபடக்காமல் என்ன செய்யும்? இதற்கு ஒருவர் கண்டியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசி என்ன ஆகப்போகிறது? சம்பளத்தையும் வீட்டையும் கொடுங்கள், பாதி வியாதி தானாகப் போகும்.

கிளினிக் அக்கா

அண்ணே, நீங்கள் சொல்வதில் பெரிய உண்மை இருக்கிறது, என் கண்ணால் பார்த்ததே ஒன்றைச் சொல்கிறேன். 1995இல் இந்த நாட்டில் தற்கொலை லட்சத்துக்கு 47 பேர் அளவில் இருந்தது. நான் சிறு பிள்ளையாக இருந்தபோது எங்கள் தோட்டத்திலேயே மூன்று வீட்டில் அது நடந்தது. கடும் நச்சுள்ள பூச்சிமருந்துகளை 1995இலும் 1998இலும் தடை செய்தார்கள், 2008க்கும் 2011க்கும் இடையில் பரகுவாட் என்ற களைக்கொல்லியையும் சேர்த்து இன்னும் மூன்றை நிறுத்தினார்கள். எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கியது. ஒரு சட்டம் அத்தனை உயிரைக் காப்பாற்றியது.

ஆனால் டீச்சரின் தம்பி இன்று உள் காம்பராவில் கிடக்கிறான். சம்பளம் கூடும்வரை அவனைக் காத்திரு என்று நான் சொல்ல மாட்டேன்.

மலைக்காற்று

டீச்சர், நான் இந்தத் தொழிலில் இருப்பவன். கண்டியில் ஒரு அறை எடுத்துத் தனியாகப் பார்க்கிறேன். பெயர் சொல்ல மாட்டேன், ஆள் சேர்க்க இங்கே வரவில்லை. என்னிடம் ஒருவர் இந்தக் கேள்விகளைக் கேட்டால் என்ன சொல்வேனோ அதையே எழுதுகிறேன். அதைவைத்து நீங்கள் போகப்போகிறவரை அளந்து பார்க்கலாம்.

பொகவந்தலாவைப் பக்கம் லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், பிறந்தவன், அம்மா கொழுந்து பறித்தவர். முதல் பட்டம் உளவியல். அந்தப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவருக்குச் சிகிச்சை செய்யக் கூடாது. அதற்கு மேல் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் சிகிச்சை உளவியலில் எம்.பில்., இரண்டு வருடம் முழுநேரம், வகுப்போடு வார்டுப் பயிற்சியும் சேர்த்து. சின்ன வயதில் யாராவது கொஞ்சம் ஒரு மாதிரி நடந்தால் "அங்கொடைக்கு அனுப்பணும்" என்பார்கள். அந்த அங்கொடை தேசிய மனநல நிறுவகத்துக்குத்தான் நான் காலையில் பஸ் ஏறிப் பயிற்சிக்குப் போனேன். அம்மா அதைப் பக்கத்து வீட்டில் சொல்லவே இல்லை, "கொழும்பில் படிக்கிறான்" என்பதோடு நிறுத்திக்கொண்டார். படிப்பு முடிந்து இலங்கை மருத்துவ சபையில் பதிவு. கேட்பவருக்கு அந்தப் பதிவு இலக்கத்தை நான் காட்டுவேன்.

எனக்கு இந்தத் தொழிலில் பாதியைக் கற்றுக்கொடுத்தது ஒரு சொல். பிற்பாடு வேறோர் ஆஸ்பத்திரியில் வேலை செய்தபோது ஊவாப் பக்கத்துத் தோட்டத்து அம்மா ஒருவர் வந்தார். சிங்களத்தில் கேட்டால் எல்லாவற்றுக்கும் "ஒண்ணும் இல்லீங்க". கூட வந்தவர் மொழிபெயர்த்ததில், "யோசனையாக இருக்கிறதாம்" என்பது "சிந்திக்கிறாராம்" என்று குறிப்பில் ஏறியிருந்தது. நம் பக்கம் யோசனை என்றால் மனக்கவலை. நான் பக்கத்தில் உட்கார்ந்து, "என்ன யோசனை அம்மா?" என்றேன். நாற்பது நிமிடம் பேசினார். நம் அம்மாமார் "மனச்சோர்வு" என்று ஒருநாளும் சொல்ல மாட்டார்கள். யோசனை, தலைப்பாரம், கை கால் ஓடவில்லை, மனசு விட்டுப்போச்சு, இவைதான் அவர்களுடைய சொற்கள். கேட்பவருக்கு இந்தச் சொற்கள் காதில் விழ வேண்டும். தமிழில் பார்ப்பாரா என்று முதலில் கேளுங்கள். தமிழ் தெரிந்தவரா என்பது மட்டும் போதாது, தோட்டத்துப் பேச்சு புரிகிறவரா என்றும் பாருங்கள்.

சரி, அறைக்குள் என்ன நடக்கும்? முதல் நாள் நான் புத்தி சொல்வதில்லை. என்ன நடக்கிறது, எப்போது தொடங்கியது, இன்னும் ஏன் போகாமல் இருக்கிறது, இத்தனைக்கும் நடுவில் ஆளைத் தாங்கிப் பிடிப்பது எது, இதைத்தான் கேட்பேன். முடிவில் ஒரு தாளில் படமாக வரைந்து "இப்படித்தான் எனக்குப் புரிகிறது, சரியா?" என்று காட்டுவேன். அவர் "இல்லை" என்றால் அவர் கையிலேயே பேனாவைக் கொடுப்பேன்.

உங்கள் தம்பியை நான் பார்க்கவில்லை, அதனால் அவருக்கு இன்னது என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் எழுதிய மாதிரி வருபவர்களிடம் பெரும்பாலும் ஒரு வட்டத்தைத்தான் வரைவேன். நெஞ்சு வேகமாக அடிக்கிறது. "மாரடைப்பு" என்று மனசு சொல்கிறது. பயம் வருகிறது. பயத்தில் நெஞ்சு இன்னும் வேகமாக அடிக்கிறது. டேவிட் கிளார்க் என்ற உளவியலாளர் 1986இல் இந்த வட்டத்தை விளக்கி எழுதினார். பஸ்ஸை நிறுத்தி இறங்கும்போது ஆறுதல் வருகிறது, "இறங்கினதாலதான் பிழைத்தேன்" என்று உடம்பு பாடம் படித்துக்கொள்கிறது. அடுத்த தடவை பஸ்ஸைப் பார்த்தவுடனே தொடங்கிவிடும். அப்புறம் பஸ் நிலையத்தைப் பார்த்தாலே.

இந்த வட்டத்தை அறுக்க நினைப்பையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் அறிகை நடத்தைச் சிகிச்சை என்ற முறையைக் கையாள்கிறேன், ஆரோன் பெக் என்ற மனநல மருத்துவர் 1960களில் தொடங்கிவைத்த வழி. அறையிலேயே இருவரும் எழுந்து நின்ற இடத்தில் ஒரு நிமிடம் ஓடுவோம். சுழலும் நாற்காலியில் சுற்றுவோம். மெல்லிய ஸ்ட்ரோ வழியாக மூச்சு விடச் சொல்வேன். அதே படபடப்பு, அதே தலைசுற்றல் வரும். ஓடாமல் உட்கார்ந்திருந்தால் தானாக இறங்கும் என்பதை அவரே பார்ப்பார். "ஒன்றும் ஆகாது" என்று நான் நூறு தடவை சொல்வதைவிட அது ஒரு தடவை நடப்பது மேல். அதன் பிறகு வெளியே, படிப்படியாக. கூடவே நடக்க ஆள் இருக்கிறார் என்ற நம்பிக்கை வராமல் இந்த முறை எதுவும் வேலை செய்யாது. கார்ல் ரோஜர்ஸ் என்ற உளவியலாளர் அதைத்தான் வாழ்நாள் முழுவதும் சொன்னார், நானும் அனுபவத்தில் கண்டது அதுதான்.

மருந்து நான் எழுத மாட்டேன், எழுதவும் கூடாது. தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்பி, இருவரும் சேர்ந்து பார்ப்போம். பேசியது வெளியே போகாது. தன் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து, பிள்ளைக்குக் கொடுமை, நீதிமன்றக் கட்டளை, இந்த இடங்களில் மட்டும் அந்த வாக்கு செல்லாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுவேன். எனக்கும் மேற்பார்வை உண்டு. நான் செய்வது சரியா என்று கேட்க மூத்தவர் ஒருவரிடம் போகிறேன்.

ஆகவே ஃபோனிலேயே கேளுங்கள் டீச்சர். சிகிச்சைப் பயிற்சி எங்கே, எத்தனை வருடம், மருத்துவ சபைப் பதிவு உண்டா, இந்தப் பிரச்சினைக்கு எந்த முறை, சுமார் எத்தனை தடவை வர வேண்டியிருக்கும், கட்டணம் எவ்வளவு. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் நிறுவனம் இந்தப் பயத்துக்கு 7 முதல் 14 மணி நேரம் என்கிறது. "ஒரே தடவையில் சரி பண்ணுகிறேன்" என்பவரிடமும், எப்போது முடியும் என்று கேட்டால் மழுப்புபவரிடமும் கவனமாக இருங்கள். இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படுகிறவர் என்றால், பஸ் ஏறும் முன்பே தெரிந்துகொண்டது நல்லதாகப் போயிற்று.

மஸ்கெலியாக்காரன்

அன்றைக்கு எனக்கு இதை யாராவது சொல்லியிருக்கலாம். அப்புறம் எங்கள் மிட்வைஃப் அம்மாதான் என் மனைவியைக் கையைப் பிடித்து கிளினிக்குக் கூட்டிப்போனார். இப்போது நன்றாக இருக்கிறாள். சின்னவன் நர்சரி போகிறான்.

கொஸ்லந்தை

மலைக்காற்று சேர், ஒரு கேள்வி. மீரியாபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்தது 2014 அக்டோபர் 29 காலையில். நாங்கள் அப்போது பக்கத்துத் தோட்டம். அம்மாவின் கூடப்பிறந்தவர் குடும்பம் மண்ணுக்குள் போனது. முதல் இரண்டு வாரம் எத்தனையோ பேர் வந்தார்கள், பெயர் எழுதினார்கள், பிள்ளைகளுக்குப் படம் வரையக் கொடுத்தார்கள். அப்புறம் ஒருவரும் வரவில்லை. இன்றைக்கும் மழை இறங்கினால் அம்மா செருப்பைப் போட்டுக்கொண்டே படுப்பார். அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம் எல்லாம் ஒரு ஷொப்பிங் பையில் தலைமாட்டில் இருக்கும். இத்தனை வருடம் கழித்து இதற்கு வைத்தியம் உண்டா?

மலைக்காற்று

உண்டு. எத்தனை வருடம் ஆனாலும் உண்டு. ஆனால் அதற்கு முன் உங்களிடம் ஒன்று கேட்பேன்: இப்போது இருக்கும் வீடு மண்சரிவு அபாயப் பகுதியா? தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரிக்கை கொடுக்கும் இடமா? அப்படியென்றால் மழை இரவில் பத்திரங்களைப் பையில் போட்டு வைப்பது நோய் இல்லை, புத்திசாலித்தனம். அந்தப் பையை நான் எடுத்துவைக்கச் சொல்ல மாட்டேன். பத்திரமான இடத்துக்கு வந்த பிறகும் ஒவ்வொரு தூறலுக்கும் அந்தக் காலை திரும்ப வருகிறதா, சத்தம் கேட்டால் உடம்பு தூக்கிப்போடுகிறதா, அவர்களைப் பற்றிப் பேசவே முடியவில்லையா, அங்கேதான் என் வேலை. நடந்ததைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை பத்திரமான ஒருவர் பக்கத்தில் இருக்க, நிதானமாக, பல தடவையாகச் சொல்லவைக்கிற முறைகள் இருக்கின்றன. இரண்டு வாரத்தில் முடிகிற வேலை இல்லை. தொடங்கிவிட்டு விட்டுப்போகக் கூடாத வேலை.

பிரட்டுக்களம் அண்ணனுக்கும் இதுதான் என் பதில். ஒருவருடைய பயத்தில் எவ்வளவு அவர் மனசில் இருக்கிறது, எவ்வளவு அவர் வீட்டுக்கு மேலே இருக்கிற மலையில் இருக்கிறது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாதவர் நல்ல உளவியலாளர் இல்லை.

பிரட்டுக்களம்

தம்பி, அந்த மலை பற்றிய பேச்சு எனக்குப் பிடித்திருக்கிறது. நான் சொன்னதிலிருந்து மாறவில்லை, சம்பளமும் வீடும் முதலில். ஆனால் டீச்சர், பையனைக் கூட்டிப்போங்கள். காசு இடித்தால் சொல்லுங்கள், பழைய ஆட்கள் சிலரிடம் கேட்டுப் பார்க்கிறேன்.

கொட்டகலை டீச்சர்

அண்ணே, கண் கலங்கிவிட்டது. காசு எப்படியோ சமாளிக்கலாம். இரண்டு சிக்கல். கண்டிக்குப் போகவே அவன் பஸ் ஏற வேண்டுமே? இன்னொன்று, இந்த மாதிரி சிகிச்சையில் வீட்டில் எழுதச் சொல்வார்கள் என்று வாசித்தேன். எங்கள் லயத்தில் ஒரு கொப்பியை ஒளித்துவைக்க இடமில்லை. மாமா பிள்ளைகள் எடுத்துச் சத்தமாக வாசித்துவிடுவார்கள்.

கூடைக்காரி

அக்கா, கொப்பி பற்றி நான் சொல்கிறேன். நான் கொழுந்து எடுக்கிறவள், இரண்டு வருடத்துக்கு முன் மிஸ் ஒருவரிடம் ஒன்பது தடவை போனேன். ஞாயிற்றுக்கிழமையும் போயா என்ற பௌர்ணமி விடுமுறை நாளும்தான் போவேன், நாள் பேர் போகக் கூடாது என்று அவரே அப்படி வைத்தார். எனக்கும் எழுதுகிற வேலை கொடுத்தார். மிஸ், எங்க வீட்ல சுவருக்கும் காது இருக்கு என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். கொழுந்து எடுக்கும்போது நான் இடுப்பில் சுற்றிக் கட்டும் படங்கு விரிப்பைப் பற்றிக் கேட்டார், அதில் ஒரு கயிறு தொங்கும். யோசனை பிடித்து இழுக்கும்போதெல்லாம் கயிற்றில் ஒரு முடிச்சு, அதிலிருந்து நானாக வெளியே வந்துவிட்டால் அந்த முடிச்சை அவிழ்ப்பது. ஞாயிற்றுக்கிழமை கயிற்றைக் கொண்டுபோய் மேசையில் வைப்பேன். ஒவ்வொரு முடிச்சும் எந்த மலையில், எந்த நேரம் போட்டது என்று எனக்கு ஞாபகம் இருக்கும். முதல் வாரம் பதினேழு. பக்கத்து நிரையில் எடுத்தவளுக்குக்கூட அது என்ன என்று தெரியாது.

மலைக்காற்று

கூடைக்காரி தங்கச்சி, உங்கள் மிஸ்ஸிடம் நான் படிக்க வேண்டியிருக்கிறது.

டீச்சர், பஸ் பற்றி: முதல் இரண்டு மூன்று தடவை வீடியோ அழைப்பில் பார்ப்பாரா என்று கேளுங்கள். தனியாகப் பேச இடம் வேண்டும், அது வீட்டுக்குள் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அப்புறம், ஒரு நாளைக்கு எத்தனை சாயத்தண்ணி, அதாவது பால் இல்லாத தேநீர், குடிக்கிறார் என்று பாருங்கள். வேலையில்லாமல் படுத்திருக்கும்போது கணக்கில்லாமல் போகும், படபடப்புக்கு அது உதவாது.

கொட்டகலை டீச்சர்

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும், பள்ளிக்கூடத்தில் தவணைப் பரீட்சை.

கார்டில் இருந்தவருக்கு ஃபோன் பண்ணி, இங்கே சொன்ன அத்தனையும் கேட்டேன். குரல் நடுங்கியது எனக்குத்தான். அவர் பொறுமையாகப் பதில் சொன்னார், பதிவு இலக்கத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். ஆறேழு எழுத்தில் தன் வேலைக்கு முக்கியமானவை இரண்டுதான், மற்றவை குறுகிய பயிற்சிகள் என்று அவரே சொன்னார். அந்த நேரத்தில் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

முதல் மூன்று தடவை வீடியோவில். எங்கள் பக்கம் ஒழுங்காகச் சிக்னல் கிடைப்பது மேல் லயத்துத் தண்ணித்தொட்டி மேட்டில்தான். தம்பி படங்கு ஒன்றை விரித்து அங்கே உட்காருவான், நான் யாரும் வராமல் கீழே பாதையில் நிற்பேன். இரண்டாவது தடவை அவன் அங்கே நின்ற இடத்திலேயே ஓடுவதைப் பார்த்து அம்மா பயந்துபோனார். உளவியலாளர் தாயத்தைக் கழற்றச் சொல்வாரோ என்று அம்மாவுக்கு ஒரே யோசனை. அவர் கழற்றச் சொல்லவில்லை. "அம்மா கட்டினது, இருக்கட்டும். ஆனா பஸ்ல அதைப் பிடிச்சுக்கிட்டே இருக்க வேண்டாம், கை சும்மா இருக்கட்டும்" என்றாராம்.

நாலாவது வாரம் கொட்டகலையில் பஸ் ஏறி ஹட்டன்வரை போனோம். நான் பின் சீட்டில், அவன் முன்னால் தனியாக. பாதி வழியில் பிடரி எல்லாம் வியர்த்து ஒழுகியது எனக்குத் தெரிந்தது. எழுந்து போய்த் தொடக் கூடாது என்பது ஒப்பந்தம், அதனால் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவன் மணி அடிக்கவில்லை. ஹட்டனில் இறங்கி ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, "அக்கா, கூடுச்சு, அப்புறம் குறைஞ்சிருச்சு" என்றான். அதே பஸ் பாதையில் அந்த வாரம் இன்னும் மூன்று தடவை போய்வந்தான், இரண்டு தடவை நான் இல்லாமல்.

போன ஞாயிறு வட்டவளை. இந்த ஞாயிறு கினிகத்தேனை, அதற்கடுத்து நாவலப்பிட்டி. டிக்கெட்டை எல்லாம் அவன் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைக்கிறான். கண்டிக்கு நேரில் போவது அடுத்த மாதம் போயா நாளுக்கு எழுதியிருக்கிறது. பிரட்டுக்களம் அண்ணே, அன்றைக்கு நீங்கள் கம்பளையில் ஏறி எங்களோடு வருவீர்களா என்று தம்பி கேட்கச் சொன்னான்.

பிரட்டுக்களம்

காலை எத்தனை மணி பஸ் என்று மட்டும் சொல்லுங்கள் டீச்சர்.